நான் அழிக்கச் சொன்ன நீலக் கோடு

அம்மாடி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே லீவு போட்டு வருகிறேன், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் சாயங்காலம் நாம் மூன்று பேரும் முடிச்சூர் மனைக்குப் போகலாம், முன்பு எடுத்த மாதிரி இருட்டில் டார்ச்சால் வரைந்து ஒரு படம் எடுக்கலாம் என்று ஆசையாகச் சொன்னாய். "அங்க இப்ப வூடு கட்டிட்டாங்கம்மா" என்றேன். "கட்டட்டுமே, அவங்ககிட்ட கேட்டுட்டு அந்த வீட்டு மேலயே நம்ம நீலக் கோட்டைப் போடலாம்பா" என்றாய். உடனே நான், ரிங் ரோட்டு விளக்கெல்லாம் வந்துவிட்டது, இப்போது அங்கே இருட்டே கிடையாது, படம் வராது என்று அடித்துவிட்டு, பேச்சை மண்டபத்து சமையல்காரர் பக்கம் திருப்பிவிட்டேன். நீயும் விட்டுவிட்டாய். உண்மையில் ரிங் ரோட்டு வெளிச்சம் அந்த மனையின் பின்பக்கத்துக்கு எட்டவே எட்டாது. இருக்கிற ஒரே தெருவிளக்கும் பழுதாகிப் பல மாதம் ஆகிறது. நீ அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "நான்தான் அவர் பொண்ணு" என்று சொல்லி நிற்பாயே, அதை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ அங்கே வருகிறேன் என்று சொல்லியிருக்காவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். மனசாட்சி குத்தி எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆரம்பத்திலேயே ஒரே ஒரு தடவை, "அவகிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றியிருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் பார்த்த பக்கம் உனக்குத் தெரியாது. 2015 வெள்ளம் வடிந்து சில மாதம் கழித்து, நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு பழைய கேமராவும் மூன்று கால் ஸ்டாண்டும் வாங்கி வந்தாய். இருட்டில் கேமராவைத் திறந்து வைத்துவிட்டு டார்ச்சால் காற்றில் கோடு போட்டால் அந்தக் கோடு படத்தில் நிற்கும் என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல இருட்டு வேண்டும், வண்டி வெளிச்சம் கூடாது என்று தாம்பரம் முழுக்க இடம் தேடிக் கடைசியில் நம் நிலத்துக்கே வந்தாய். பொம்பளைப் பிள்ளையை விளக்கு வைத்த பிறகு ஆள் இல்லாத இடத்துக்குத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று நான் குதித்தேன். "அப்ப நீயும் வா, டார்ச் பிடி" என்றாய். அப்படிக் காவலுக்கு வந்தவன்தான் நான். கலைக்கும் எனக்கும் ரொம்ப தூரம்.

முதல் நாள் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கறுப்புச் சட்டை போடச் சொன்னாய். சபரிமலைக்குப் போனபோது வாங்கிய சட்டை ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். டார்ச்சைக் கேமரா பக்கம் காட்டிக்கொண்டே நடக்க வேண்டும், கோடு முடிந்ததும் அணைக்க வேண்டும், எக்காரணத்தைக் கொண்டும் நிற்கக் கூடாது என்று பத்துத் தடவை சொன்னாய். நடுவில் கொசு கடித்தது. நின்று, டார்ச்சை என் பக்கம் திருப்பி, சொறிந்தேன். படத்தில் கோடும் இல்லை, தலையும் இல்லை, ஒரு தொப்பை மட்டும் அந்தரத்தில் நின்றது. நீ மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நடந்துகிட்டே இருந்தா நீ தெரிய மாட்டப்பா, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். நின்னா நீயும் படத்துல வந்துடுவ" என்று விளக்கினாய். நான் அந்தப் பாடத்தை ரொம்ப நன்றாகப் படித்துக்கொண்டேன். படத்துக்கு வெளியேயும் அதைத்தான் செய்தேன்.

ஒருநாள் நீ, காலி மனையில் இன்னும் கட்டாத வீடுகளை வெளிச்சத்தால் வரையலாம் என்றாய். வரைந்து பார்த்தோம். உன் வீடெல்லாம் கோணல்மாணலாகச் சரிந்து நின்றது. அங்கேதான் மனை போட்டு விற்கிற என் தொழில் உதவிக்கு வந்தது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன் கொத்தனார் நூல் கட்டுவாரே, அந்த மாதிரி சவுக்குக் கம்புகளை நட்டு, சுவருக்கும் கூரைக்கும் ஜன்னலுக்கும் நூல் கட்டிக் கொடுத்தேன். இருட்டில் கண் தெரியாவிட்டாலும் ஒரு கையால் நூலைத் தடவிக்கொண்டே மறு கையால் டார்ச்சை ஓட்டினால் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி வந்தது. "அப்பா, இப்படி எவனும் பண்ணதில்லப்பா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மனை விற்றால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அப்புறம்தான் நீ மோட்டார் ரூம் சுவரைப் பார்த்தாய். மனைகளின் மூலையில் இருந்த அந்தப் பழைய பம்ப்செட் அறையில், வெள்ளம் நின்ற உயரத்தில் சேற்றுக் கறை ஒரே மட்டமாகக் கோடு போட்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு உயரமாப்பா நின்னுச்சு?" என்று கேட்டாய். "என் நெஞ்சு வரிக்கும் இருந்துச்சிம்மா. பின்னாடி தெருவுல ரெண்டு குடும்பம் மாட்டிக்கினு இருந்தாங்க, கயிறு கட்டிக்கினு இந்த வழியாத்தான் போனோம்" என்றேன். பிறகு அந்தக் கறையின் மட்டத்திலேயே ஓர் ஆணி அடிக்கச் சொன்னாய். கொத்தனாரிடம் லெவல் டியூப் வாங்கி வந்தேன். அந்த நீளமான ரப்பர் குழாயில் தண்ணீரை ஊற்றி, ஆணியின் மட்டத்தை ஒவ்வொரு கம்புக்கும் கொண்டுபோய் நூல் கட்டினோம். டார்ச் முகத்தில் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றிக் கொடுத்தாய். நான்கு வீடுகளை வெள்ளையில் வரைந்து முடித்ததும், அந்த நீல வெளிச்சத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நடந்தேன். மணி ஏழேகால் இருக்கும். நீ பட்டனை விட்டுவிட்டு, "வந்துடுச்சுப்பா" என்று மெதுவாகச் சொன்னாய்.

அந்தப் படத்தை நீ எத்தனையோ பேருக்குக் காட்டியிருப்பாய், எனக்குத் தெரியும். கறுப்பு நிலத்தில் நான்கு வெளிச்ச வீடுகள், நான்கின் ஜன்னலையும் வாசலையும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொண்டு போகிற நீலக் கோடு. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, என் பிறந்த நாளைக்கு ஆபீசில் நீயே மாட்டிவிட்டாய். "இதைப் பார்த்துட்டு வாங்கறவங்க தெரிஞ்சு வாங்கட்டும்பா, உசத்திக் கட்டிக்கட்டும்" என்று சொன்னாய். நான் தலையாட்டினேன். அந்த நிலத்துக்கு நம் வீட்டில் வழங்கிய பெயரே பள்ளக் கொல்லை என்று அப்போது உனக்குத் தெரியாது. நெல் போட்ட காலத்தில் பள்ளம் என்பது நல்ல பெயர். மனை போட்ட பிறகு அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ஊரில் எல்லா லேஅவுட்காரனும் செய்கிற மாதிரி நானும் என் பெண்ணின் பெயரை வைத்து, பின்னால் 'நகர்' சேர்த்து, நுழைகிற இடத்தில் வளைவு கட்டிப் போர்டு மாட்டினேன். உனக்கு அது பிடிக்கவே இல்லை. "பிரெண்ட்ஸ்லாம் கிண்டல் பண்றாங்கப்பா" என்றாய். பெருமைதானே என்று நான் சொன்னேன்.

வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர் என்றாலே ஆட்கள் ஓடினார்கள். எட்டு மனையில் ஒன்றும் நகரவில்லை. ஆபீசுக்கு வருகிறவர்கள் உன் படத்தின் முன்னால் நிற்பார்கள். "சூப்பரா கீதே சார், இது இன்னா நீலமா?" என்பார்கள். நானும் முதல் இரண்டு மூன்று பேருக்கு உண்மையைச் சொன்னேன், அதை மட்டும் நம்பு. அவர்கள் திரும்பி வரவில்லை. நீ வேலை கிடைத்து புனேவுக்குப் போன மறு மாதம், தாம்பரத்தில் நமக்கு நோட்டீஸ் அடிக்கிற கடைக்கு அந்தப் படத்தை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர், "அண்ணா, வீடுங்கல்லாம் செமயா இருக்கு. இந்த ப்ளூ லைன் மட்டும் குறுக்கால வருதே, வேணுமா?" என்று கேட்டார். "வேணாம்பா, எடுத்துடு" என்றேன். டீ சொல்லியிருந்தார்கள், அது வருவதற்குள் அழித்துவிட்டார். நீயும் நானும் அந்த ஒரு கோட்டுக்காக மூன்று சாயங்காலம் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். கீழே 'ஒளி வீசும் உங்கள் இல்லம்' என்று போட்டு, மேலே உன் பெயரில் நகர் என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். அதே வாரம் மோட்டார் ரூமுக்குச் சுண்ணாம்பும் அடித்தேன். ஆபீசில் இருந்த படத்தையும் மாற்றி, கோடு இல்லாததை மாட்டினேன். நீ லீவில் வந்து "படம் எங்கப்பா?" என்று கேட்டபோது, கண்ணாடி உடைந்துவிட்டது, கடையில் கொடுத்திருக்கிறேன் என்றேன். நீ வருகிற நாட்களில் எல்லாம் கோடு இல்லாத அந்தப் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். உன்னைப் பார்க்கிற சந்தோஷத்தைவிட, அதைக் கழற்றினோமா என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள்தான் எஸ்தரும் அவர் கணவர் சாமும். எஸ்தர் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், சாமுக்கு ஓஎம்ஆர் பக்கம் வேலை. மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்து சலித்துப் போனவர்கள். அந்தப் பெண் விவரமானவர், சுற்றி வளைக்காமல் கேட்டார். "சார், ஃப்ளட் அப்ப இந்த இடத்துக்குத் தண்ணி வந்துச்சா? உண்மையைச் சொல்லிடுங்க." நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்துச்சிம்மா. இந்தப் பக்கம் கால் நனையல" என்றேன். அவர் அப்போதும் யோசித்தார். சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இது என் பொண்ணு எடுத்தது. அவ பேருதான் நகருக்கே வெச்சிருக்கேன். மோசமான எடத்துக்கு எவனாவது பெத்த பொண்ணு பேரை வெப்பானா?" என்று கேட்டேன். எஸ்தரின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. சாமைப் பார்த்துத் தலையசைத்தார். பொய் சொன்னது ஒரு குற்றம் என்றால், அதற்கு உன்னை ஜாமீனாக நிறுத்தியது அதைவிடப் பெரிய குற்றம். இந்த வரியை எழுத மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டு வருஷத்தில் வீடு கட்டிக் குடி வந்தார்கள். மற்றவர்கள் கட்டுகிற மாதிரி தரையிலிருந்து இரண்டடி உயரம் வைத்துக் கட்டினார்கள். கிரகப்பிரவேச ஜெபத்துக்கு என்னைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நோட்டீஸில் இருந்த உன் படத்தை வெட்டிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார் எஸ்தர். "எங்க வீடு வர்றதுக்கு முன்னாடியே உங்க பொண்ணு எங்க வீட்டைப் பார்த்துட்டாங்க சார்" என்று சொன்னார். நான் பிரியாணி நன்றாக இருக்கிறது என்றேன்.

போன வருஷம் கார்த்திகை மழையில் முடிச்சூர் பக்கம் அடையாற்றில் மறுபடி வெள்ளம் ஏறியது. விடிகாலையில் எஸ்தரின் நம்பரிலிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்து நின்றது. உன் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு வரை தண்ணீரில் கயிறு பிடித்துக்கொண்டு போய் முன்பின் தெரியாதவர்களைத் தூக்கி வந்தேன் என்று உன்னிடம் பெருமை அடித்தவன், அன்றைக்கு நான் விற்ற மனையிலிருந்து வந்த போனைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். மூன்று நாள் கழித்து, தண்ணீர் வடிந்த பிறகு, யோக்கியன் மாதிரி விசாரிக்கப் போனேன். வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றிருக்கிறது. பிரிட்ஜ், மெத்தை, சாமின் அலுவலகப் பெட்டி, கீழ்த்தட்டில் இருந்த பைபிள் எல்லாம் வெயிலில் கிடந்தன. எஸ்தர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு எனக்கு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். "யாருக்கு சார் தெரியும், இப்படி ஒரு மழை வரும்னு. நீங்க மனசைக் கஷ்டப்படுத்திக்காதீங்க" என்று சொல்லி, பக்கத்து மாடி வீட்டிலிருந்து காபி வாங்கி வரச் செய்தார். அந்தக் காபியை நான் குடித்தேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கோவளம் வரை சும்மா போனேன். மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒரு ஓரமாக நின்றுவிட்டு, எதையும் வாங்காமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன், அப்போதும் அருவருப்பு போகவில்லை.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பா புத்தி சொல்லுவது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் நான் கெட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? மாப்பிள்ளையிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டால், அதை அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஒரு வருஷம் கழித்துச் சொல்வதற்குள் அதைச் சுற்றி இன்னும் பத்துப் பொய் முளைத்திருக்கும், எதை முதலில் பிடுங்குவது என்று தெரியாது. உன்னை யாராவது கண்ணை மூடிக்கொண்டு நம்பினால், அவர்களிடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உண்மையைச் சொல். உன் வேலையில் யாராவது, அப்பாவாகவே இருந்தாலும், இந்தக் கோடு வேண்டாம் என்று கை வைத்தால் சண்டை போடு. ஊரில் இல்லாததால் உனக்கு அந்தச் சண்டையைப் போட வழி இல்லாமல் போயிற்று. நீ இருந்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நீ போகும்வரை காத்திருந்தேன்.

உன் போன் வந்த மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே சொன்னேன். பள்ளக் கொல்லை என்ற பெயரிலிருந்து தொடங்கி, ஆணி, நீலக் கோடு, நோட்டீஸ் கடை, சுண்ணாம்பு, எடுக்காத போன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரிஜினல் படத்தையும் கொண்டு போயிருந்தேன். சாம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எஸ்தர் மட்டும் நின்றார். "எவ்வளவு உயரம் சார்?" என்று கேட்டார். நான் கையை என் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினேன். அவர் வாசலில் இறங்கி என் பக்கத்தில் மண்ணில் நின்று, என் கை மட்டத்தைத் தன்மேல் வைத்துப் பார்த்தார். அவருக்குக் கழுத்து வந்தது.

"அன்னிக்கு நீங்க ஏன் போன் எடுக்கலன்னு எனக்குப் புரியவே இல்ல சார். இப்ப புரியுது" என்றார். பிறகு, "நீங்க உண்மையைச் சொல்லியிருந்தாலும் நாங்க இதைத்தான் வாங்கியிருப்போம். எங்க கைக்கு எட்டினது இதுதான். ஆனா கீழ தூண் விட்டு உசத்திக் கட்டியிருப்போம் சார்" என்றார். கத்தவில்லை. காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் போவதற்காக நின்றார்.

அம்மாடி, அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவே இல்லை. மனை விற்காது என்று பயந்துதான் பொய் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானமும் அந்த வாசலிலேயே போய்விட்டது. நீ ஆபீசில் படத்தை மாட்டிய அன்றைக்குச் சொன்னதையே அந்தப் பெண்ணும் சொன்னார். நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டதுகூட இல்லை. நடுவில் நான் ஒருவன் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வீடு இன்னும் மூன்றடி உசந்து நின்றிருக்கும். வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன்.

புதன்கிழமை எஸ்தரே போன் பண்ணினார். முதல் மணியிலேயே எடுத்தேன். "சார், ஸ்விட்ச் போர்டையெல்லாம் மேல மாத்தப் போறோம். எலக்ட்ரீஷியன் எவ்வளவு உசரம்னு கேக்குறாரு. உங்க கோட்டை வந்து போட்டுட்டுப் போங்க" என்றார். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, குரல் மரத்துப்போன மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே லெவல் டியூபும் கொத்தனார் நூலும் எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் ரூமில் சுண்ணாம்பைச் சுரண்டினேன். நீ அடிக்கச் சொன்ன ஆணி துருப்பிடித்து அங்கேயே இருந்தது. குழாயின் மறுமுனையைச் சாம் பிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்தார். ஆணியின் மட்டத்தை வீட்டின் நான்கு சுவருக்கும் கொண்டுவந்து, நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்து அடித்தோம். வெளியே ஜன்னலின் கீழ்க்கட்டைக்கு மேலே ஓடுகிறது கோடு. உள்ளே எல்லா பிளக் பாயிண்டும், இன்வெர்ட்டரும், அவர்கள் பிள்ளை படிக்கிற மேஜையும் அதற்குக் கீழே இருந்தன.

அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன், நீ கோபித்துக்கொள்ளலாம். நீ வீட்டில் விட்டுப்போன பழைய கேமராவையும் ஸ்டாண்டையும் வண்டியில் கொண்டு போயிருந்தேன். அவர்களிடம் கேட்டேன். எஸ்தர் சாமைப் பார்த்தார், சாம் தோளைக் குலுக்கினார். வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தார்கள். நீ எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிய சீட்டைப் படித்து எல்லாவற்றையும் திருகி வைத்தேன். வயர் பட்டனைச் சாமிடம் கொடுத்து, நான் சொல்லும்போது அழுத்துங்கள், முடித்ததும் மறுபடி அழுத்துங்கள் என்றேன். டார்ச்சில் நீலத்தாள் சுற்றி, சுவரில் அடித்த கோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, வீட்டின் இந்த மூலையிலிருந்து நடந்தேன். வாசல்வரை வந்தபோது கதவுக்கு முன்னால் நின்றுவிட்டேன். டார்ச் பிடித்த கை தாழ்ந்து, வெளிச்சம் என் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, டார்ச்சை அணைக்கவும் இல்லை. சாமும் அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் பட்டன் சத்தம் கேட்டது.

அந்தப் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கோடு உன் படத்தில் இருக்கிற அளவுக்கு நேராக இல்லை. வாசல் முன்னால் நான் நிற்கிறேன். வெள்ளைச் சட்டை, நீல வெளிச்சம், கண்ணாடி மாதிரி என் உடம்பு வழியே அந்த வீட்டுக் கதவின் கிரில் கம்பி தெரிகிறது. எஸ்தர் கேமராவில் பார்த்துவிட்டு, "நீங்களும் வந்துட்டீங்க சார்" என்று மட்டும் சொன்னார். அழிக்கவா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆபீசில் உன் ஒரிஜினல் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டேன். இன்னும் இரண்டு மனை விற்காமல் இருக்கிறது. வளைவில் இருந்த உன் பெயரை நேற்று இறக்கிவிட்டேன், உன்னிடம் கேட்காமல் வைத்தது அது. இப்போது வெறும் வளைவு நிற்கிறது. அதில் என்ன எழுதுவது, ஒன்றும் எழுதாமல் விடுவதா என்று நீ சொன்னால் சரி.

இதை மாப்பிள்ளையிடமும் காட்டு. மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று தாலி கட்டுவதற்கு முன்னால் அவருக்குத் தெரியட்டும். நீ அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தால் போ, எஸ்தர் உன்னை உள்ளே விடுவார், உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன். "உங்க பொண்ணு உண்மையைத்தானே சார் வரைஞ்சாங்க" என்றார். டார்ச்சுக்குப் புது செல் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். அதை யார் பிடிப்பது என்று நீயே முடிவு பண்ணு. நான் வர வேண்டாம் என்றால் வீட்டிலேயே இருக்கிறேன். வரச் சொன்னால் வருகிறேன், ஆனால் கறுப்புச் சட்டையைப் போடச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா